சட்ட வரைவின் செலவும் பயனும்: கணக்கை எங்கிருந்து பார்ப்பது?

கேள்வி இது: "அரசு ஒரு புதிய சட்டத்தையோ விதியையோ கொண்டுவரும் முன் அதன் செலவையும் பயனையும் எப்படிக் கணக்கிடுகிறார்கள்? உயிருக்கும் உடல்நலத்துக்கும் விலை வைப்பது சரியா? வரைவு ஒன்று பொதுமக்கள் கருத்துக்காக வெளியானால், துறை சாராத ஒருவர் அதில் எதைப் பார்க்க வேண்டும்?"

சூத்திரத்தில் தொடங்கினால் இது பிடிபடாது. நிஜமாகப் போடப்பட்ட கணக்கு ஒன்றைப் பிரித்துப் பார்த்துவிட்டு மற்றதற்கு வருவோம். இந்தத் துறையில் எனக்குத் தெரிந்து மிக நேர்த்தியானது, அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை பெட்ரோலில் கலக்கும் ஈயத்தைக் குறைக்க 1985-ல் போட்ட கணக்கு.

பின்னணி சுருக்கமாக. 1981 பிப்ரவரியில் அதிபர் ரீகன் 12291 என்ற நிர்வாக ஆணையைப் பிறப்பித்தார். பொருளாதாரத்தில் ஆண்டுக்கு 10 கோடி டாலர் அல்லது அதற்கு மேல் தாக்கம் உள்ள எந்த விதியானாலும் செலவு-பயன் அறிக்கை வேண்டும், சட்டம் இடம் தரும் அளவில் பயன் செலவைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும் என்றது ஆணை. தொழில் நிறுவனங்களுக்குச் சுமையான விதிகளைத் தள்ளிப்போடத்தான் இந்த ஏற்பாடு என்று அன்று பலரும் நினைத்தார்கள். ஈய விதியும் தளர்த்தப்பட வேண்டியவற்றின் பட்டியலில் இருந்தது. ஆனால் கணக்கைப் போட்டுப் பார்த்ததும் விடை எதிர்ப்பக்கம் போனது. ஒரு கேலன் ஈய பெட்ரோலில் 1.10 கிராம் வரை அனுமதிக்கப்பட்டிருந்த ஈயம் 1985 ஜூலை 1 முதல் 0.50 கிராமாகவும், 1986 ஜனவரி 1 முதல் 0.10 கிராமாகவும் குறைக்கப்பட்டது.

முதலில் செலவுப் பக்கம். ஈயத்தைக் கலந்தது இன்ஜினில் நாக்கிங் (எரிபொருள் நேரம் தவறி எரிந்து இன்ஜின் தட்டுவது) வராமல் தடுக்க, அதாவது மலிவாக ஆக்டேன் எண்ணை ஏற்ற. ஈயத்தை எடுத்துவிட்டால் அதே ஆக்டேனைச் சுத்திகரிப்பு ஆலை வேறு வழியில் கொண்டுவர வேண்டும்: எண்ணெயைக் கூடுதலாகப் பதப்படுத்த வேண்டும், அதற்கு எரிபொருளும் கருவியும் வேண்டும். இதை முகமை ஊகமாகச் சொல்லவில்லை. நாட்டின் சுத்திகரிப்புத் தொழிலையே கணித மாதிரியாக்கி, பழைய வரம்போடு ஒருமுறையும் புதிய வரம்போடு ஒருமுறையும் ஓட்டியது. இரண்டு விடைகளுக்கும் இடையிலான வித்தியாசம்தான் விதியின் செலவு. 1986-க்கு அது 60.8 கோடி டாலர். இங்கே வரும் டாலர் எல்லாம் 1983 விலைமட்டத்தில். எல்லாத் தொகைகளையும் ஒரே ஆண்டின் விலைக்கு மாற்றிக்கொள்ளாமல் கூட்டினால் பணவீக்கமும் பயனாகத் தெரியும்.

பயன் பக்கத்தில் முதல் வரி குழந்தைகள். 1976 முதல் 1980 வரை நடந்த தேசிய உடல்நல ஆய்வில் அமெரிக்கர்களின் ரத்த ஈயம் சராசரியாக 37 சதவீதம் குறைந்திருந்தது. பெட்ரோலில் விற்ற ஈயத்தின் வரைபடமும் ரத்த ஈயத்தின் வரைபடமும் சேர்ந்தே இறங்கின. இந்த உறவை வைத்து, புதிய வரம்பு வந்தால் 1986-ல் எத்தனை குழந்தைகளின் ரத்த ஈயம் ஒரு டெசிலிட்டருக்கு 25 மைக்ரோகிராம் என்ற அளவுக்குக் கீழே வரும் என்று கணித்தார்கள். விடை சுமார் 1,72,000 குழந்தைகள். ஒரு குழந்தைக்கு ரத்தப் பரிசோதனை, சிகிச்சை, கற்றலில் பின்தங்கியதற்கான சிறப்புப் பாடம் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 3,500 டாலர். இரண்டையும் பெருக்கினால் 60 கோடி டாலர்.

இந்தப் பெருக்கலில் எது இல்லை என்று கவனியுங்கள். 25-க்குக் கீழே இருந்த குழந்தைகளுக்குக் கிடைத்த நன்மை இல்லை. குழந்தை இழந்த அறிவுத்திறனின் மதிப்பு இல்லை. பெற்றோர் பட்ட வேதனை இல்லை. மருத்துவமனை பில்லும் பள்ளிச் செலவும் மட்டும்தான். ஆக 60 கோடி என்பது குறைந்தபட்சம். அறிக்கையும் அதை மறைக்கவில்லை.

அடுத்த வரிகள் வண்டி சம்பந்தப்பட்டவை. இதை நான் அடிக்கடி எடுத்துக்காட்டுவேன், ஏனென்றால் மேசையில் உட்கார்ந்து யோசித்தால் இவை தோன்றாது. மெக்கானிக்கிடம் கேட்டால்தான் தெரியும். ஈயம் இன்ஜினுக்குள் படியாமல் இருக்க அதோடு குளோரின், புரோமின் சேர்மங்களைக் கலப்பார்கள். எரிந்ததும் அவை அமிலமாகி சைலன்சரை அரிக்கும், இன்ஜின் ஆயிலைக் கெடுக்கும், ஸ்பார்க் பிளக்கும் சீக்கிரம் போகும். ஈயம் குறைந்தால் இந்தப் பராமரிப்புச் செலவு மிச்சம்: 91.4 கோடி டாலர். எரிபொருள் சிக்கனத்தில் 18.7 கோடி. புகையின் மாசைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் பொருத்திய வண்டியில் விலை மலிவு என்று ஈய பெட்ரோலை ஊற்றியவர்கள் அன்று ஏராளம். ஒல்லியான முனை மட்டுமே நுழையும்படி டேங்க் வாயில் இருந்த தடுப்பைக் குடைந்து எடுத்துவிட்டுக்கூட ஊற்றினார்கள். ஈயம் பட்டால் கன்வர்ட்டர் வீணாகி மற்ற மாசுகளும் கூடும். இந்தத் தவறான பயன்பாடு குறைவதால் 22.2 கோடி.

பராமரிப்பு மிச்சமான 91.4 கோடியை மட்டும் செலவான 60.8 கோடியோடு ஒப்பிடுங்கள். ஒரு குழந்தையைக்கூடக் கணக்கில் சேர்க்காவிட்டாலும் விதி தன் செலவை ஈட்டிவிடுகிறது.

கடைசி வரி பெரியவர்களின் ரத்த அழுத்தம். ஈயம் குறைந்தால் ரத்த அழுத்தம் குறையும், மாரடைப்பும் பக்கவாதமும் குறையும் என்ற ஆய்வு வேலை முடியும் தறுவாயில்தான் வந்தது. அதன் பயன் 589.7 கோடி டாலர், மற்ற எல்லாவற்றையும் விழுங்கும் தொகை. மொத்தப் பயன் 782.1 கோடி, செலவு போக 721.3 கோடி. ஆனால் அந்த ஆய்வு புதிது, மற்றவர்கள் சோதித்துப் பார்க்க நேரம் போதவில்லை. எனவே ரத்த அழுத்தத்தை விட்டுவிட்டால் நிகரப் பயன் 131.6 கோடி என்று அட்டவணையில் தனி வரியாகப் போட்டார்கள். முடிவையும் அதன் மேல் நிறுத்தவில்லை. வரைவு அறிக்கை எதைப் படித்தாலும் நான் முதலில் தேடுவது இப்படி ஒரு வரியைத்தான்: சந்தேகமான எண்ணை எடுத்துவிட்டால் முடிவு நிற்கிறதா, விழுகிறதா?

இன்னொன்று, 0.10 கிராமை ஏன் விட்டுவைத்தார்கள்? பழைய இன்ஜின்களின் வால்வு சீட் தேயாமல் ஈயம் பாதுகாத்தது. அதற்கு அந்த அளவு போதும் என்று முகமை முடிவு செய்தது. முழுத் தடையையும் ஒரு மாற்றாக எடைபோட்ட பிறகுதான் இந்த இடைவழி. சாலை வண்டிகளுக்கான முழுத் தடை 1996-ல் வந்தது. நம் நாட்டில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் 1995 ஏப்ரலில் ஈயமற்ற பெட்ரோல் அறிமுகமாகி, 2000 பிப்ரவரியில் நாடு முழுவதும் வந்தது.

இனி இதிலிருந்து முறைக்கு வருவோம். எல்லாவற்றுக்கும் முதல் படி, "சட்டம் வராவிட்டால் என்ன நடக்கும்?" என்ற ஒப்பீட்டு நிலை. இன்றைய நிலைமை வேறு, ஒப்பீட்டு நிலை வேறு. 1985-ல் விதியே வராவிட்டாலும் பழைய வண்டிகள் கழிந்து ஈய பெட்ரோல் விற்பனை மெல்லக் குறைந்துகொண்டுதான் இருந்திருக்கும். அந்தக் குறைவை விதியின் சாதனையாக எழுதிக்கொள்ளக் கூடாது. அதேபோல, தொழில் நிறுவனம் எப்படியும் வாங்கவிருந்த இயந்திரத்தை விதியின் செலவாக எழுதக் கூடாது. பெரும்பாலான பொய்க் கணக்குகள் இந்த இடத்தில்தான் பிறக்கின்றன, ஒரு கூட்டல் பிழைகூட இல்லாமல்.

இரண்டாவது, மாற்று வழிகள். ஒரே ஒரு யோசனையை "செய்வதா, வேண்டாமா" என்று கேட்கும் அறிக்கை அரைகுறை. தளர்வானது, நடுத்தரம், கடுமையானது என்று குறைந்தது மூன்று வழிகள் இருக்க வேண்டும். ஒவ்வொரு படி மேலே போகும்போதும் கூடும் செலவு எவ்வளவு, கூடும் பயன் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். மொத்தத்தில் லாபமாகத் தெரியும் திட்டத்தில் கடைசிப் படி மட்டும் பெருநஷ்டமாக இருக்கலாம். மொத்த எண்ணில் அது தெரியாது.

மூன்றாவது, மக்கள் தலையில் விழும் செலவு. நம்மூர் வரைவுகளில் மிகவும் பலவீனமான பகுதி இதுதான். நாடாளுமன்றத்தில் ஒரு மசோதா செலவு சம்பந்தப்பட்டதாக இருந்தால் மக்களவை விதி 69-ன்படி நிதிக் குறிப்பு இணைக்க வேண்டும். ஆனால் அது அரசின் கஜானாவிலிருந்து போகும் பணத்தைத்தான் சொல்லும். கடைக்காரரும் விவசாயியும் செய்யப்போகும் செலவுக்கு அதில் இடமே கிடையாது. "கூடுதல் செலவு ஏதும் இல்லை" என்ற வாசகத்தைப் படித்துவிட்டு நாட்டுக்கே செலவில்லை என்று எண்ணிவிடக் கூடாது.

அந்தச் செலவை நாமே போட்டுப் பார்க்க எளிய வழி உண்டு. நெதர்லாந்தில் உருவான முறை இது: ஒருமுறை நிறைவேற்ற ஆகும் செலவு, பெருக்கல் எத்தனை முறை, பெருக்கல் எத்தனை பேர். ஒரு கற்பனை உதாரணம். சிறு உணவுக் கடைகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆன்லைனில் ஒரு படிவம் தர வேண்டும் என்று விதி வருகிறது. கடைக்காரர் கடையை ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு பிரவுசிங் சென்டருக்குப் போய், ரசீதுகளை ஸ்கேன் செய்து, ஓடிபி வரும்வரை காத்திருந்து திரும்ப 3 மணி நேரம் ஆகிறது. மணிக்கு 100 ரூபாய் என்றால் 300, சென்டர் கட்டணம் 150, ஆக 450. ஆண்டுக்கு நான்கு முறை என்றால் 1,800. கடைகள் 2 லட்சம் என்றால் ஆண்டுக்கு 36 கோடி ரூபாய். விதியை எழுதிய அலுவலகத்துக்கு இது "ஒரு படிவம்" மட்டுமே. இப்போது அதே படிவத்தை ஆண்டுக்கு ஒருமுறை ஆக்கினால் 9 கோடி. 27 கோடி ரூபாய் மதிப்புள்ள கேள்வி இதுதான்: மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாங்கும் தகவலால் ஆண்டுக்கு ஒருமுறை வாங்குவதைவிட என்ன கூடுதல் பாதுகாப்பு?

இங்கே அடிக்கடி நேரும் குழப்பம் ஒன்று. அபராதம், வரி, மானியம் ஆகியவை சமூகத்தின் செலவும் அல்ல, பயனும் அல்ல. ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்குப் போகும் பணம். 50 கோடி அபராதம் வசூலாகும் என்பதைப் பயன் பட்டியலில் சேர்த்தால் கணக்கு தப்பு. யார் பையிலிருந்து யார் பைக்குப் போகிறது என்று தனி அட்டவணையில் காட்டுவதே முறை. அதைப் பேசாமல் விடுவதும் தப்புதான்.

உயிருக்கு விலை வைக்கலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். "புள்ளியியல் உயிரின் மதிப்பு" என்பது எந்த ஒரு மனிதரின் விலையும் அல்ல. அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 2023-க்கு வைத்த எண் 1 கோடியே 32 லட்சம் டாலர். இதன் பொருள்: ஒரு லட்சம் பேர் உள்ள ஊரில் ஒவ்வொருவரும், சாகும் அபாயம் லட்சத்தில் ஒன்று குறைய 132 டாலர் தரத் தயாராக இருந்தால், ஊர் சேர்ந்து தரும் தொகை 1 கோடியே 32 லட்சம், அந்த ஊரில் எதிர்பார்க்கக்கூடிய மரணங்களில் ஒன்று குறைகிறது. யார் அந்த ஒருவர் என்று யாருக்கும் தெரியாது. விலை வைக்க மாட்டேன் என்று மறுத்தாலும் விலை விழுந்துவிடும். எண் போடாத வரியைக் கூட்டும்போது அது பூஜ்யமாகத்தான் நடத்தப்படுகிறது.

ஆனால் அந்த எண் எங்கிருந்து வருகிறது என்பதில் எனக்கு உறுத்தல் உண்டு. அபாயமான வேலைக்கு எவ்வளவு கூடுதல் கூலி கேட்கிறார்கள் என்பதை வைத்துத்தான் பெரும்பாலும் கணக்கிடுகிறார்கள். பத்தாவது மாடியில் சாரம் கட்டுபவர் வாங்கும் கூடுதல் கூலி, அவர் தன் உயிருக்கு வைக்கும் மதிப்பைக் காட்டுவதில்லை. வேறு வேலை கிடைக்காததைத்தான் காட்டுகிறது. அதனால்தான் ஒரே நாட்டுக்குள் ஏழைக்கு ஒன்று, பணக்காரருக்கு ஒன்று என்று எண் வைக்காமல், எல்லாருக்கும் ஒரே எண் வைப்பது அவசியம். வயதுக்கேற்பக் குறைக்கும் முயற்சியும் நடந்தது. காற்று மாசு பற்றிய ஒரு பகுப்பாய்வில் 70 வயதைத் தாண்டியவர்களின் மதிப்பை 37 சதவீதம் குறைத்து ஒரு மாற்றுக் கணக்கு போடப்பட்டது. முதியோர் கொதித்தெழுந்ததும் 2003-ல் சுற்றுச்சூழல் முகமை அதைக் கைவிட்டது. சரியான முடிவு.

வருங்காலப் பயனை இன்றைய செலவோடு ஒப்பிடுவது அடுத்த சிக்கல். இன்று செலவு, முப்பது ஆண்டு கழித்துப் பயன் என்றால், வருங்காலத் தொகையை வட்டிக் கணக்கைத் தலைகீழாகப் போட்டு இன்றைய மதிப்புக்குக் கொண்டுவருவார்கள். 30 ஆண்டு கழித்து வரும் 100 கோடி, 3 சதவீதத்தில் இன்று 41 கோடி. 7 சதவீதத்தில் வெறும் 13 கோடி. அமெரிக்காவில் 2003 முதல் இந்த இரண்டு விகிதத்திலும் கணக்குக் காட்டச் சொன்னார்கள். 2023-ல் அதை 2 சதவீதமாக்கினார்கள், 2025-ல் மீண்டும் பழையதற்கே திரும்பினார்கள். 2 சதவீதத்தில் அதே 100 கோடி இன்று 55 கோடி. நிலத்தடி நீர், கடலரிப்பு, அணுக்கழிவு போன்றவற்றில் விகிதத்தைத் தேர்ந்தெடுப்பவரே கிட்டத்தட்ட விடையையும் தேர்ந்தெடுத்துவிடுகிறார். ஒரே விகிதத்தில் மட்டும் கணக்குக் காட்டும் அறிக்கையை நம்ப வேண்டாம்.

கூடவே வரும் பயன் பற்றியும் சொல்ல வேண்டும். அனல்மின் நிலையங்களின் பாதரசப் புகைக்கு 2012-ல் அமெரிக்கா வைத்த வரம்பின் செலவு ஆண்டுக்கு 960 கோடி டாலர். பாதரசம் குறைவதால் மட்டும் பணமாகக் காட்ட முடிந்த பயன் 40 முதல் 60 லட்சம் டாலர்தான். ஆனால் பாதரசத்தைப் பிடிக்கும் கருவி நுண்துகளையும் பிடிக்கிறது. அதையும் சேர்த்தால் மொத்தப் பயன் 3,700 கோடி முதல் 9,000 கோடி டாலர் வரை. 2015-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஒழுங்குபடுத்துவது தேவையா என்று முடிவெடுக்கும் கட்டத்திலேயே செலவைப் பார்த்திருக்க வேண்டும் என்று முகமைக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. என் கருத்து இது: நுண்துகள் குறைந்து பிழைத்தவர் நிஜமாகவே பிழைத்திருக்கிறார், அந்தப் பயனைக் கூட்டத்தான் வேண்டும். ஆனால் தனி வரியில் கூட்ட வேண்டும். நுண்துகளை நேரடியாகக் குறைக்க மலிவான வழி இருக்கிறதா என்ற கேள்விக்கும் அருகிலேயே பதில் வேண்டும்.

பணமாக்கவே முடியாதவை இருக்கின்றன. புதிய கார்களில் பின்பக்கக் கேமரா கட்டாயம் என்று 2014-ல் அமெரிக்கா விதித்தபோது, பண அளவில் செலவே மிஞ்சியது. கேமராவும் திரையும் இல்லாத வண்டிக்கு முழு அமைப்பும் 132 முதல் 142 டாலர், ஆண்டுக்குக் காப்பாற்றப்படும் உயிர்கள் 58 முதல் 69 என்று மதிப்பிட்டார்கள். இறப்பவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். பல நேரம் வண்டியைப் பின்னால் எடுத்தவர் பெற்றவரே. அந்தத் துயரத்தை எந்த அட்டவணையும் பிடிக்காது என்று எழுதிவைத்துவிட்டே விதியைக் கொண்டுவந்தார்கள். அப்படி வெளிப்படையாக எழுதுவதுதான் நேர்மை. கற்பனையாக ஒரு பெரிய எண்ணைச் செருகி லாபம் காட்டுவது அல்ல.

காரணத்தைச் சரியாகப் பிடிக்காத விதி எந்தக் கணக்கிலும் தேறாது. செல்போன் அழைப்பு துண்டிக்கப்பட்டால் ஒரு ரூபாய், நாளுக்கு அதிகபட்சம் மூன்று ரூபாய் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும் என்று இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2015-ல் விதி போட்டது. 2016 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சராசரியாக 36.9 சதவீதத் துண்டிப்புகள் வாடிக்கையாளர் பக்கத்துக் காரணங்களால் என்ற நிலையில், எல்லாவற்றுக்கும் நிறுவனமே பணம் தர வேண்டும் என்பது நியாயமற்றது என்றது. ஒழுங்குமுறை அமைப்புகள் எல்லாம் மக்கள் கருத்தைக் கேட்டு, அதற்குக் காரணத்தோடு பதில் சொல்ல வைக்கும் சட்டம் ஒன்றை நாடாளுமன்றம் இயற்றலாம் என்றும் அதே தீர்ப்பில் சொன்னது.

இப்போது நீங்கள் செய்யக்கூடியது. 2014-ன் சட்டமுன் கலந்தாய்வுக் கொள்கைப்படி மத்திய அரசுத் துறைகள் வரைவைக் குறைந்தது 30 நாள் பொதுவெளியில் வைக்க வேண்டும். சட்டம் ஏன் தேவை, நிதித் தாக்கம் என்ன, சுற்றுச்சூழலுக்கும் அடிப்படை உரிமைகளுக்கும் மக்களின் வாழ்வாதாரத்துக்கும் என்ன ஆகும் என்ற விளக்கமும் கூடவே இருக்க வேண்டும். இது கொள்கைதான், சட்டக் கட்டாயம் அல்ல. பின்பற்றாமல் போவதும் உண்டு. வரைவு வந்தால் முதல் நாளே தரவிறக்கி, கடைசித் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். விளக்கக் குறிப்பு இல்லையென்றால் அதைக் கேட்பதே உங்கள் முதல் கடிதம்.

கருத்து எழுதும்போது "இந்தச் சட்டம் வேண்டாம்" என்று மட்டும் எழுதினால் எண்ணிக்கையில் சேரும், வரைவில் ஒரு சொல்லும் மாறாது. பிரிவு எண்ணைச் சொல்லுங்கள். அது யாரை, ஆண்டுக்கு எத்தனை முறை, எத்தனை மணி நேரம் இழுக்கிறது என்று உங்கள் தொழிலின் எண்ணைக் கொடுங்கள். எண்ணை ஊதிப் பெருக்காதீர்கள். ஒன்று பிடிபட்டால் மற்றதும் குப்பைக்குப் போகும். எல்லாரும் விதியை நூறு சதவீதம் கடைப்பிடிப்பார்கள் என்று பயனையும், ஆனால் ஆய்வுக்குப் போக ஆளே நியமிக்காமல் செலவையும் எழுதியிருந்தால், அந்த முரணைச் சுட்டுங்கள். குறைந்த செலவில் அதே பலனைத் தரும் மாற்று வாசகத்தை அப்படியே சேர்க்கக்கூடிய வடிவில் எழுதிக் கொடுங்கள். மூன்று ஆண்டு கழித்து எந்த எண்ணைப் பார்த்து விதி பலித்ததா என்று முடிவு செய்வார்கள், அந்த எண்ணை இன்றே யார் அளந்து வைக்கிறார்கள் என்றும் கேளுங்கள். ஈய விதியில் ரத்தத்தை 1976-லேயே அளக்கத் தொடங்கியிருந்ததால்தான் 1985-ல் கணக்கே போட முடிந்தது.